சேத்துல விளைஞ்ச இரும்பு: வைக்கிங் கோடரிக்கு இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு?

(திரையில்: காத்தடிக்கிற ஒரு கடற்கரை, மணல்ல பாதி புதைஞ்ச ஒரு குச்சி)

டென்மார்க்ல ஜட்லாந்து பக்கம் யெரில்ட்னு ஒரு கடற்கரை இருக்கு. அங்க வைக்கிங் காலத்து சரக்கு ஒண்ணு கிடைச்சுது. வைக்கிங்னா சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பக்கத்துலேர்ந்து கப்பல்ல சுத்தினவங்க. ஒரு மரக்குச்சி, அதுல வரிசையா இரும்புக் கோடரித் தலைங்க, ஆஞ்சநேயருக்கு வடமாலை கோக்குற மாதிரி காம்பு மாட்டுற ஓட்டை வழியா ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்து வச்சிருக்காங்க. யாரும் அதை எடுத்து மரம் வெட்டின மாதிரி தெரியல, விக்கிறதுக்குன்னு போன சரக்குதான்.

எனக்கு இதுல கோடரியை விட அந்த குச்சிதான் முக்கியமா படுது. அது ஸ்ப்ரூஸ் மரம், அதாவது கிறிஸ்மஸ் மரம்னு நாம சொல்றோமே அந்த வகை. அந்த காலத்துல டென்மார்க்ல ஸ்ப்ரூஸ் கிடையாது, நார்வேலயும் ஸ்வீடன்லயும்தான் இருந்துச்சு. அப்போ அந்த குச்சிதான் சரக்கோட கூடவே வந்த பில்லு. வடக்கேர்ந்து கப்பல் ஏறி வந்திருக்குன்னு அதுவே சொல்லிடுது.

இப்போ ஒரு கேள்வி. டென்மார்க்ல இரும்புத் தாது இல்லாம இல்ல, நிறையவே இருக்கு, அதுக்கு சில நூறு வருஷம் முன்னாடியே ஜட்லாந்துல பெரிய அளவுல இரும்பு உருக்கியிருக்காங்க, ஸ்னோருப் மாதிரி இடத்துல கசடு, அதாவது இரும்பு எடுக்கும்போது மிஞ்சுற கழிவு, இன்னும் நிலத்துக்கடியில பாறை பாறையா கிடக்கு. வீட்டுலயே வச்சுக்கிட்டு எதுக்கு கடல் தாண்டி வாங்கணும்?

அதுக்கு பதில் சொல்லணும்னா மொதல்ல அந்த இரும்பு எப்படி வருதுன்னு பாக்கணும். இரும்புன்னா சுரங்கம், பாறை, வெடின்னு நினைப்போம். இது அப்படி இல்ல. இது சேத்துல விளையுற இரும்பு.

(திரையில்: ஒரு பக்கெட், அடியில சிவப்பா படிஞ்ச மண்ணு)

எங்க வீட்டு போர் தண்ணியை பக்கெட்ல புடிச்சு வச்சா புடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், மறுநாள் காலைல பாத்தா அடியில சிவப்பா படிஞ்சிருக்கும், வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாயிடும், அம்மா திட்டாத நாள் இல்ல. உங்க வீட்டுலயும் பாத்திருப்பீங்க. பூமிக்கடியில காத்து இல்லாததால இரும்பு தண்ணில கரைஞ்சே இருக்கு, மேல வந்து காத்து பட்டதும் துருவா மாறி அடியில உக்காந்துடுது. அவ்ளோதான் விஷயம். இதையே நார்வே மலை மேல இருக்கிற ஒரு சதுப்பு நிலத்துல யோசிச்சுப் பாருங்க. மழைத்தண்ணி மக்குன பாசி வழியா இறங்குறப்போ புளிப்பேறி, மண்ணுல இருக்கிற இரும்பை கரைச்சு இழுத்துட்டு போகுது, சதுப்போட ஓரத்துல ஊத்தா வெளிய வரும்போது காத்து படுது. கூடவே இரும்பை வச்சே பொழைக்கிற பாக்டீரியா வேற இருக்கு, அது இந்த வேலையை இன்னும் வேகமா பண்ணுது. கொஞ்சம் கொஞ்சமா செம்பழுப்பு கட்டியா, சில இடத்துல ஓட்டை ஓட்டையா பட்டை மாதிரி படியும்.

இதுல ஒரு நல்ல விஷயம், எடுத்துட்டா தீந்து போயிடாது. தண்ணி ஓடிட்டே இருக்கிறவரைக்கும் திரும்ப படியும். ஒரு இடத்துல வழிச்சு எடுத்துட்டு ஒரு தலைமுறை கழிச்சு மகன் வந்து அதே இடத்துல எடுக்கலாம். அதனாலதான் விளையுற இரும்புன்னு சொன்னேன்.

எங்க இருக்குன்னு எப்படி கண்டுபிடிப்பாங்க? தண்ணி மேல எண்ணெய் மிதக்குற மாதிரி வானவில் கலர்ல ஒரு ஏடு இருக்கும். ஒரு குச்சியை எடுத்து அதைக் குத்துங்க. நெஜ எண்ணெய்னா குச்சியைச் சுத்தி திரும்ப வந்து சேந்துக்கும். இது அப்பளம் மாதிரி துண்டு துண்டா உடைஞ்சு அப்படியே நிக்கும். அப்படி நின்னா கீழ இரும்பு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் நீளமான கம்பியை சேத்துல இறக்குவாங்க, வெறும் சேறுன்னா வழுக்கிட்டு போகும், தாது இருந்தா கரகரன்னு கைக்கு தெரியும். இந்த கரகரப்பை உணர்ற கைதான் அந்த ஊர்ல பெரிய சொத்துன்னு எனக்கு தோணுது.

(திரையில்: நார்வே வரைபடம், தெற்குப் பக்கம் மெல்ல பெருசாகுது)

நார்வேல இதுக்கு ரெண்டு இடம் சொல்லணும். ஒண்ணு டெலிமார்க்ல மோஸ்வத்ன்னு ஒரு ஏரி, கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல, அதைச் சுத்தி இருக்கிற ஊரு மோஸ்ஸ்ட்ராண்ட். இர்மெலின் மார்ட்டென்ஸ்னு ஒரு தொல்லியல் அறிஞர் வருஷக்கணக்கா அங்க தோண்டி, இந்தக் குளிர் மலையில இருந்தவங்க வெறும் மாடு மேய்க்கல, இரும்பு உருக்கி வித்தாங்கன்னு காட்டினாங்க. இன்னொண்ணு கிழக்கு நார்வேல ஓமோட் பக்கம் கிராஃப்யெல். அங்க ராணுவத்துக்கு பயிற்சி மைதானம் போடறதுக்கு முன்னாடி 2003லேர்ந்து 2007 வரைக்கும் தோண்டிப் பாத்தாங்க, பாத்தா காடு முழுக்க உலையும் கசட்டு மேடும் கரிக்குழியும்தான். சுமாரா 950லேர்ந்து 1300 வரைக்கும்தான் இந்த பக்கம்லாம் உச்சத்துல ஓடியிருக்கு.

கரிக்குழின்னு சொன்னேன்ல, அதை கொஞ்சம் நிறுத்தி பேசணும், ஏன்னா இந்த தொழில்ல நெஜமா செலவு தாதுல இல்ல, விறகுல. குழி வெட்டி, மரத்தை அடுக்கி, மேல மண்ணு போட்டு மூடி, காத்து போகாம நாள் கணக்கா மூட்டம் போடணும். நம்ம ஊர்ல சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு கரி எடுக்கிறதைப் பாத்தவங்களுக்கு புரியும். 5, 6 கிலோ காஞ்ச விறகு போனாதான் 1 கிலோ கரி வரும். அந்த குழிங்க இன்னிக்கும் நார்வே காட்டுல அம்மைத் தழும்பு மாதிரி ஆயிரக்கணக்குல இருக்கு, விமானத்துலேர்ந்து லேசர் ஸ்கேன் எடுத்தா மரத்தையெல்லாம் நீக்கிட்டு தரை மட்டும் தெரியும், அப்போ வட்ட வட்டமா பள்ளம் பள்ளமா தெரியும். டென்மார்க் சமவெளில காட்டை வெட்டி வயல் போட்டாச்சு, மலையில காடு இருந்துச்சு. பதில்ல பாதி இதுலயே வந்துடுச்சு.

(திரையில்: விறகு அடுக்கு மேல கொட்டின தாது, புகை)

சரி, உலைக்கு வருவோம். சேத்துலேர்ந்து எடுத்த தாதுல தண்ணியும் வேரும் மக்குன குப்பையும்தான் பாதி. அதனால மொதல்ல விறகை அடுக்கி மேல தாதைக் கொட்டி வறுப்பாங்க. வறுத்தா தண்ணி போயிடும், குப்பை எரிஞ்சுடும், மிச்சம் செங்கல் பொடி கலர்ல பொறபொறன்னு ஆயிடும்.

உலைன்னா பெருசா ஒண்ணும் கற்பனை பண்ணாதீங்க. களிமண்ணுல இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய், அடியில துருத்திக்கு ஒரு ஓட்டை, கசடு வடியறதுக்கு இன்னொரு வழி, அவ்ளோதான். மேல இருந்து கரி ஒரு கூடை, தாது ஒரு கூடைன்னு மாத்தி மாத்தி போட்டுட்டே இருக்கணும், கீழ துருத்தி நிக்காம ஊதணும். உள்ள சுமார் 1200 டிகிரி வரும். இரும்பு உருக 1538 டிகிரி வேணும். அப்போ இரும்பு உருகவே உருகாது! உருகுறது கசடுதான். கரி எரிஞ்சு வர்ற கார்பன் மோனாக்சைடு தாதுல இருக்கிற ஆக்சிஜனை புடுங்கிட்டு போகும், மிஞ்சுற இரும்பு துளித்துளியா ஒட்டி ஒட்டி, அடியில பஞ்சு மாதிரி ஒரு கட்டியா சேரும். மண்ணும் மணலும் கசடா மாறி கருப்பு எரிமலைக் குழம்பு மாதிரி கயிறு கயிறா வெளிய வடியும்.

இங்கதான் ஒரு சூட்சுமம் இருக்கு. கசடு சும்மா வடியாது, கூடவே இரும்பையும் கூட்டிட்டுதான் போகும், கசட்டோட எடைல பாதிக்கு கிட்ட இரும்பாவே இருக்கும். தாதுல மணல் ஜாஸ்தின்னா அந்த மணலை வெளியேத்தவே உள்ள இருக்கிற இரும்பெல்லாம் செலவாயிடும், நாள் முழுக்க துருத்தி ஊதிட்டு கடைசில திறந்து பாத்தா வெறும் கருங்கல்லுதான். அதனால தாது சுத்தமா இருக்கணும், கைல தடவிப் பாத்து பொறுக்கி எடுக்கணும்.

கட்டியை வெளிய எடுக்கும்போது அது இரும்பு மாதிரியே இருக்காது, கொதிக்கிற கசடு ஒழுகுற ஒரு கடல்பஞ்சு. உடனே இரும்புச் சம்மட்டியால ஓங்கி அடிச்சா சிதறிடும், அதனால மொதல்ல மரக்கட்டையால பதமா தட்டித் தட்டி இறுக்குவாங்க, ஒவ்வொரு அடிக்கும் தீப்பொறியோட கசடு பிதுங்கி தெறிக்கும். அப்புறம் திரும்ப காய்ச்சி, திரும்ப அடிச்சு. அடிக்க அடிக்க எடை குறையும், கொல்லன் கைக்கு நல்ல கம்பியா வர்றதுக்குள்ள பாதி கூட போயிடலாம்.

ஐஸ்லாந்துக்காரங்க பழைய கதை ஒண்ணுல ஸ்கல்லாகிரிம்னு ஒருத்தர் வர்றார், இதே சதுப்பு இரும்பு உருக்குறவர். பட்டடைக்கு தோதா கல்லு கிடைக்கலன்னு ராத்திரில படகு எடுத்துட்டு போய் கடல்ல முங்கி ஒரு பாறையை தூக்கிட்டு வந்தாராம், அதை நாலு பேர் சேந்தாலும் தூக்க முடியாதாம். விடியறதுக்கு முன்னாடியே எழுப்புறார்னு வேலைக்காரங்க முணுமுணுத்ததும் அதுலயே இருக்கு. பாறையை நம்புறீங்களோ இல்லையோ, அந்த முணுமுணுப்பை நான் நம்புறேன்.

(திரையில்: பாதி பிளந்த இரும்புக் கட்டி, கிட்டத்துல)

இப்போ தரம். வாங்குறவனுக்கு எப்படி தெரியும் உள்ள நல்ல இரும்பா, இல்ல கசடும் ஓட்டையுமான்னு? வெயில் காலத்துல ரோட்டோரம் தர்பூசணி வாங்குறப்போ கடைக்காரர் கத்தியால ஒரு முக்கோணம் வெட்டி எடுத்து சிவப்பைக் காட்டுவார்ல, அதேதான்! கட்டி சூடா இருக்கும்போதே கோடரியை வச்சு நடுவுல பிளப்பாங்க, முழுசா பிளக்க மாட்டாங்க, பாதிக்கு மேல பிளந்து வாயைத் திறந்த மாதிரி விட்டுடுவாங்க. உள்ள பளிச்சுனு கெட்டியா இருக்கா, பொக்கையா இருக்கான்னு கண்ணால பாத்துக்கலாம். இப்படி வாய் பிளந்த கட்டிங்க நார்வேலயும் டென்மார்க்லயும் கிடைச்சிருக்கு. கோடரி, கம்பின்னு நீட்டி அடிச்சு வித்ததுக்கும் இதே காரணம் இருக்கலாம்னு சொல்றாங்க, மோசமான இரும்பு மெலிசா அடிச்சா விரிஞ்சு போயிடும், உடையாம அந்த வடிவத்துக்கு வந்துச்சுன்னாலே சரக்கு நல்ல சரக்கு.

ஆனா கண்ணுக்கு தெரியாத ஒண்ணு இருக்கு, பாஸ்பரஸ். சதுப்புத் தாதுல இது அடிக்கடி கலந்திருக்கும். பாஸ்பரஸ் இருந்தா இரும்பு கொஞ்சம் கடினமா இருக்கும், அது வரைக்கும் சந்தோஷம், ஆனா குளிர்ல ஒரு அடி பட்டா பட்டுனு ஒடியும். வடக்கு ஐரோப்பால குளிர் காலத்துல மரம் வெட்டும்போது கோடரி ஒடிஞ்சா என்னாகும்னு யோசிங்க. இன்னொண்ணு, பாஸ்பரஸ் இருந்தா கார்பன் ஏறி எஃகா மாறுறதும் கஷ்டம். ஜட்லாந்து தாதுல பொதுவா பாஸ்பரஸ் ஜாஸ்தி, நார்வே மலைத் தாதுல பொதுவா கம்மி. வாகன் ஃபாப்ரிசியஸ் புக்வால்ட்னு டென்மார்க்ல ஒரு உலோக ஆய்வாளர் இருந்தார், இரும்புக்குள்ள மாட்டிக்கிட்ட குட்டிக் குட்டி கசட்டுத் துணுக்கை அளந்து பாத்து இது எந்த ஊர் இரும்புன்னு தேடினவர். பதிலோட மிச்சப் பாதி இதான். வீட்டு இரும்பு ஒடியும், மலை இரும்பு வளையும். அதுக்காக பாஸ்பரஸ் இரும்பை தூக்கிப் போட்டுடல, அந்த காலத்துல சில வாள்ல ரெண்டு வகை இரும்பை முறுக்கி அடிச்சு பாம்பு நெளியற மாதிரி வரி வர வைப்பாங்க, அதுல வெள்ளை வரிக்கு அதைத்தான் சேத்து முறுக்குனாங்க.

எவ்ளோ இரும்பு வேணும்? டென்மார்க்ல லாட்பின்னு ஒரு இடம், 1935ல ஒரு வைக்கிங் கப்பல் சமாதி கிடைச்சுது. மரம் முழுக்க மக்கிப் போச்சு, ஆனா பலகையைப் பிடிச்சிருந்த இரும்பு ஆணிங்க சுமார் 2000, மண்ணுல அதது இருந்த இடத்துலயே நின்னுச்சு, அதை வச்சுதான் கப்பலோட வடிவமே தெரிஞ்சுது. ஒரே ஒரு கப்பலுக்கு அவ்ளோ! அட்லாண்டிக் தாண்டி இன்னிக்கு கனடால இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவுல, லான்ஸ் ஓ மெடோஸ்ங்கிற இடத்துல இறங்கின வைக்கிங்குங்க கூட, 1021ல அங்க மரம் வெட்டினது உறுதியாயிருக்கு, ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டு சதுப்புத் தாதை கொஞ்சமா உருக்கியிருக்காங்க, அநேகமா கப்பலுக்கு ஆணி அடிக்கத்தான்.

டெலிமார்க் மலையிலேர்ந்து இரும்பு ஏரி, ஆறுன்னு இறங்கி ஷீயன் பக்கம் கடலுக்கு வந்திருக்கணும், அதே மலைநாட்டு சாணைக்கல்லும் அந்த வழியாத்தான் போச்சு, ஜட்லாந்தோட தெற்குல இருந்த ஹெடபிங்கிற வைக்கிங் வியாபார ஊர் சந்தை வரைக்கும். இரும்பும் அதை தீட்டுற கல்லும் ஒரே படகுல போனா நல்லாத்தானே இருக்கும்! மலைல பார்லி சரியா விளையாத இடம், இரும்பைக் கொடுத்துதான் தானியமும் உப்பும் வாங்கணும்.

அப்புறம் ஏன் நின்னுச்சு? 1349ல பிளேக் வந்து பாதி ஜனம் போச்சு, அதனாலன்னு பொதுவா சொல்லிடுவாங்க. ஆனா கிழக்கு நார்வேல பல இடத்துல 1300 வாக்குலயே உலை அணைஞ்சிடுச்சு, பிளேக் வர்றதுக்கு முன்னாடியே. எனக்கு பெரிய காரணமா தெரியறது ஸ்வீடன்தான். அங்க நோர்பெர்க் பக்கம் லாப்ஹீத்தன்ல பாறைத் தாதை வச்சு, தண்ணிச் சக்கரத்துல துருத்தி ஓட்டி, இரும்பையே உருக்கி ஓட விட ஆரம்பிச்சாங்க. அதுலேர்ந்து வந்த ஓஸ்முண்ட்ங்கிற துண்டு, ஒவ்வொண்ணும் 300 கிராம் மாதிரி, பீப்பாய் பீப்பாயா கப்பல் ஏறிச்சு. ஒரே சைஸ், எண்ணியே விக்கலாம், பிளந்து காட்டுற வேலையே இல்ல. அதோட மலைக்காரன் கரிக்குழி எப்படி போட்டி போடும்?

ஆனாலும் சுத்தமா செத்துப் போயிடல. கிராஃப்யெல்லுக்கு பக்கத்துலயே ஸ்டூர் எல்வ்தால்னு ஊரு, அங்க ஓலே ஈவன்ஸ்டாட்னு ஒருத்தர் 1782ல சதுப்புத் தாதுலேர்ந்து இரும்பு எடுக்கிறது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதி பரிசு வாங்கினார், 1790ல அது அச்சாச்சு. கம்பியை வச்சு தாது தேடுறதுலேர்ந்து எல்லாத்தையும் படி படியா எழுதியிருக்கார். இன்னிக்கு பழைய முறைல இரும்பு உருக்கிப் பாக்குறவங்க பல பேர் இவர் எழுதினதைத்தான் திறந்து வச்சுக்கிறாங்க. கட்டியை வெளிய உருட்டிப் போட்டு என்ன பண்ணணும்னும் அதுல இருக்கு: மொதல்ல மரக்கட்டையால தட்டு, அப்புறம் கோடரியை வச்சுப் பிள.