காற்றாலையை நிறுத்துவதா, நிலக்கரியைத் தணிப்பதா?

வணக்கம் மக்களே. கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் நிற்கிறேன். மைக்கில் இரைச்சல் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்துவிட்டுக் காற்றடிக்கிறது என்று புகார் சொல்ல முடியாது.

எனக்குப் பின்னால் பாருங்கள். இடது பக்கத்து வரிசை முழுக்கச் சுற்றுகிறது, வலது ஓரத்தில் இரண்டு மட்டும் அசையாமல் நிற்கின்றன. பழுதா, பராமரிப்பா, இல்லை ‘பேக் டவுன்’ என்று நிறுத்தச் சொன்னார்களா என்று ரோட்டில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் காற்றாலை வைத்திருப்பவர்களிடம் பேசினால் அந்த மூன்றாவது காரணம் எப்படியும் பேச்சில் வந்துவிடும். காற்று இருக்கும், இயந்திரம் தயாராக இருக்கும், கிரிட்டில், அதாவது மின்சாரத்தைக் கொண்டுபோகும் கட்டமைப்பில், இடமில்லை என்று உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள்.

ஏன் இடமில்லை? இதற்கு உருப்படியான பதில் சொன்ன ஓர் ஆய்வைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

2015-இல் மத்திய அரசு ஓர் இலக்கு வைத்தது. 2022-க்குள் 175 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்றால் ஆயிரம் மெகாவாட்) புதுப்பிக்கத்தக்க மின்சாரம்; அதில் சூரியசக்தி 100, காற்று 60. இவ்வளவு ஏற்ற இறக்கத்தைக் கிரிட் தாங்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பதிலாக 2017-இல் ஓர் அறிக்கை வந்தது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், நம் நாட்டுக் கிரிட்டை இயக்கும் பொசோகோ, அதாவது இன்றைய கிரிட் இந்தியா, எல்லாரும் சேர்ந்து செய்தது.

எனக்கு அதில் பிடித்த விஷயம், கேள்வியைச் சின்னதாக வைத்துக்கொண்டார்கள். 2050-இல் உலகம் எப்படி இருக்கும் என்றெல்லாம் ஜோசியம் பார்க்கவில்லை. 175 கிகாவாட் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அந்த ஒரு வருடத்தைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக ஓட்டிப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். எந்த ஆலை எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்கிற நம் ஊர் மின்சுமை மையங்களிலும் கணக்கு பதினைந்து நிமிட பிளாக்கில்தான் நடக்கிறது. ஒரு நாளைக்கு 96 பிளாக், வருடத்துக்கு 35,040. ஒவ்வொன்றிலும் எந்த ஆலை எவ்வளவு ஓடும், எந்தக் கம்பி நிரம்பும், எவ்வளவு காற்றும் வெயிலும் வீணாகும் என்று கணினி கணக்குப் போட்டது.

கிரிட் தாங்கும் என்று விடை வந்தது. வீணாவது 1.4 சதவீதம்தான்.

பத்திரிகைகளுக்கு அந்த 1.4 போதும். எனக்கு அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கணக்குதான் முக்கியம். நிலக்கரி ஆலைகள் தங்கள் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓடும் என்று வைத்தால்தான் அந்த 1.4. எழுபதுக்குக் கீழே இறங்க மாட்டோம் என்று அவை அடம்பிடித்தால் வீணாவது 3.5 சதவீதம். காற்றாலையும் கம்பியும் அதேதான், மாறியது நிலக்கரியின் கீழ்வரம்பு மட்டும். ஆய்வில் திருப்பிப் பார்த்த திருகுகளிலேயே வீணாவதைக் குறைப்பதில் அதிக வேலை செய்தது இதுதான்.

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் இருக்கின்றன. எழுபது சதவீதம் என்றால் 147 மெகாவாட், ஐம்பத்தைந்து என்றால் சுமார் 115. ஒரு யூனிட்டில் 32 மெகாவாட் இடம் காலியாகிறது. சரி, அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோலத் தணித்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கொதிகலனில் அது அவ்வளவு சுலபம் இல்லை. சுமையை ரொம்ப இறக்கினால் உள்ளே நிலக்கரித் தூள் எரிகிற சுடர் தடுமாறும். அணையாமல் இருக்க எண்ணெய் விட்டு எரிக்க வேண்டிவரும், அது செலவு. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் குழாய்களில் விரிசல் விடும். ஆலைப் பொறியாளர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. காற்றாலைக்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தணிந்து ஓடுவதற்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் அங்கே பிரச்சினை.

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016-லேயே மத்திய ஆலைகளுக்கு 55 சதவீதக் கீழ்வரம்பை விதியாக்கி, தணிந்து ஓடும்போது கூடுகிற செலவுக்கு ஈட்டுத்தொகைக்கும் வழி வைத்துவிட்டது. அதனால் ஆய்வு வந்துதான் விதி வந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த விதியை எல்லா ஆலைக்கும் விரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆய்வு ஓர் எண்ணைக் கொடுத்தது. 2023-இல் மத்திய மின்சார ஆணையம் 40 சதவீதம் வரை இறங்க வேண்டும் என்று விதி போட்டு, 2030 வரை கட்டம் கட்டமாக ஆலைகளை மாற்றச் சொல்லியிருக்கிறது.

அப்புறம் இன்னொரு கண்டுபிடிப்பு. ஒவ்வொரு மாநிலமும் தன் ஆலைகளை மட்டும் பார்த்துக்கொள்ளாமல், மண்டல அளவில் மலிவானதை முதலில் ஓட்டினால் செலவு குறையும் என்றது ஆய்வு. 2019 ஏப்ரலில் பல மாநிலங்களுக்கு மின்சாரம் கொடுக்கிற ஆலைகளை வைத்துப் பொசோகோ அப்படி ஒரு முன்னோட்டத்தைத் தொடங்கியது. மாநிலங்களின் சொந்த ஆலைகள் அதில் இல்லை. மாநில எல்லைக்கு வந்ததும் கணினி கேட்காத கேள்விகள் வந்துவிடும்: யாரோடு ஒப்பந்தம், யாருக்கு நிலுவை, என் ஆலையை நிறுத்திவிட்டு உன் மின்சாரத்தை நான் ஏன் வாங்க வேண்டும்?

இப்போது அந்த அறிக்கை தடுக்கி விழுந்த இடம். பேட்டரி வைத்தால் செலவோ புகையோ பெரிதாகக் குறையாது என்றது அது. அன்றைய விலைக்கும் அன்றைய இலக்குக்கும் அது சரிதான். சொன்ன வருடத்தில் 175 வரவில்லை; 2022 முடியும்போது 120-ஐ ஒட்டித்தான் நின்றது. ஆனால் பேட்டரி விலை சரிந்தது. 2025 ஜனவரியில் சூரியசக்தி மட்டுமே 100 கிகாவாட்டைத் தாண்டியது. மதியம் வழிகிறது, பொழுது சாய்ந்ததும் அத்தனையும் இறங்குகிறது, அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறுகிறது. 2017 அறிக்கையைக் காட்டி இன்றைக்கும் பேட்டரி வேண்டாம் என்று யாராவது பேசினால், அது எந்த விலையில் போட்ட கணக்கு என்று கேளுங்கள்.

2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையமே, புதிய சூரியசக்தி டெண்டர்களில் திறனில் பத்து சதவீத அளவுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பு சேர்க்கச் சொல்லி அறிவுறுத்தியது. திசை சரி. ஆனால் அதே இரண்டு மணி நேரம் ராஜஸ்தானுக்கும் தமிழ்நாட்டுக்கும் எப்படிப் பொருந்தும்? நமக்கு மே முதல் செப்டம்பர் வரை காற்று இருக்கிறது, வால்பாறைப் பக்கம் காடம்பாறையில், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது, நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் வைத்து, தமிழ்நாட்டுக்கென்று அதே பதினைந்து நிமிடக் கணக்கைப் போட்டு, அதைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். கணக்கில் நிலக்கரிக்கு என்ன கீழ்வரம்பு வைத்தார்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே போடட்டும்.