ஹீட்டர் வேண்டாம், இரவு அறை வேண்டும்: மொட்டை மாடியில் புதுக் கூண்டு

வணக்கம், உறவுகளே. பெரிய கூண்டு முடிந்துவிட்டது! சின்னக் கிளி வகைகளான பட்ஜிகளும் காக்டீல்களும் இன்று காலையில் குடியேறிவிட்டன. பின்னால் கேட்கிறதே, அந்தக் கூச்சல் அவர்களுடையதுதான். உள்ளே அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் ஹீட்டர் விஷயத்தைப் பேசிவிட வேண்டும். மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மார்கழி பிறந்தால் போதும், "அக்கா, கூண்டுக்கு எந்த ஹீட்டர் நல்லது?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. போன வாரம் எங்கள் தெருவில் ஒரு தம்பி, கடைக்காரர் சொன்னார் என்று இரண்டடிக் கூண்டுக்குள் சிவப்பு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். உள்ளே இருந்த நான்கு பட்ஜிகளும் அலகைத் திறந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிவைத்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. பறவைக்கு வியர்க்காது. வெப்பத்தை வெளியேற்ற அதற்குத் தெரிந்த முக்கிய வழி இப்படி மூச்சிரைப்பதுதான். பல்பை நானே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தச் சென்னையில் மார்கழி இரவு எவ்வளவு குளிரும்? சாதாரணமாக 20 டிகிரியை ஒட்டி நிற்கும். பட்ஜி எந்த ஊர்ப் பறவை? ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். அங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜூலை மாதக் குளிர்கால இரவுகளில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். அதைத் தாங்கும் பறவைக்கு இராயபுரத்து மார்கழி ஒரு குளிரே இல்லை. நோய்வாய்ப்பட்ட பறவை, இறகு முளைக்காத குஞ்சு, இவற்றுக்குச் சூடு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தனியாகச் சின்னப் பெட்டி இருக்கிறது. பெரிய கூண்டுக்கு ஹீட்டர் வேண்டவே வேண்டாம்.

ஆனால் குளிர்நாட்டுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கூண்டின் முக்கியமான பகுதியே அங்கிருந்து வந்ததுதான். கனடாவில் டொராண்டோ பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா மகனை உங்களுக்குத் தெரியும், முன்பு ஒரு வீடியோவில் பேசியிருக்கிறான். அவன் வீட்டுக் கொல்லையில் பெரிய கூண்டு கட்டியிருக்கிறான். அங்கே மண் உறைந்து உப்பி அஸ்திவாரத்தையே தூக்கிவிடும் என்பதால் நான்கடி ஆழத்துக்குத் தோண்டித்தான் தூண் நட வேண்டும். வடக்குப் பக்கம் முழுச் சுவர், தெற்குப் பக்கம் வெயில் வாங்கத் திறப்பு. பனிக்காலத்தில் வலையின் மேல் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு. இரும்புக் கம்பியில் பறவையை உட்காரவிட மாட்டான், விரல் உறைந்து கருகிவிடும். தண்ணீர்க் கிண்ணத்துக்கே சூடு கொடுக்கிறான். டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான் என்பதால் பறவைக்குச் சாப்பிட நேரம் போதாது. விளக்குக்கு டைமர் வைத்துப் பொழுதை நீட்டுகிறான். அதெல்லாம் அங்கே உயிர் காக்கும் ஏற்பாடு, இங்கே ஒன்றுகூடத் தேவையில்லை.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இரவு அறை. கூண்டின் ஒரு கோடியில் நான்கு பக்கமும் அடைத்த சின்ன அறை. அவன் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே சூட்டைத் தடுக்கும் ராக்வூல் பஞ்சைத் திணித்து, உள்ளிருக்கும் சூடு வெளியே போகாமல் கட்டியிருக்கிறான். அதே அறையை நம் ஊரில் கட்டினால் வெளிச் சூடு உள்ளே வராது. தடுப்புச் சுவருக்குச் சூடு எந்தப் பக்கம் இருந்தால் என்ன? 2003 மே மாதம் இங்கே 45 டிகிரி அடித்தது. நம் பறவைகளைக் கொல்வது கத்திரி வெயில், மார்கழி இல்லை.

இன்னொரு காரணம் புயல். 2016இல் வர்தா வந்தபோது இந்த மாடியில் எதுவும் நிற்கவில்லை. கம்பி வலைக்குள் காற்று புகுந்து போய்விடும், ஆனால் மழைக்காக வலையின் மேல் தார்ப்பாய் கட்டினோம் என்றால் அது பாய்மரம் ஆகிவிடும், கூண்டையே பிடுங்கிக்கொண்டு போகும். எனவே புயல் எச்சரிக்கை வந்தால் நான் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, பறவைகளை இரவு அறைக்குள் அடைத்துச் சின்னக் கதவைப் பூட்டிவிடுவேன். குளிர்நாட்டான் பனிக்குக் கட்டிய அறை நமக்குப் புயல் அறை. இதைத்தான் இந்த வீடியோவில் சொல்ல வந்தேன்.

இதோ பாருங்கள். மொத்த நீளம் 16 அடி, அகலம் 8 அடி, உயரம் ஏழரை அடி. மேற்குக் கோடியில் நான்கடி இரவு அறை. சுவரும் கூரையும் இரண்டு அங்குல பஃப் பேனல், அதாவது நடுவில் சூடு தடுக்கும் நுரை வைத்த தகடு. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்துதான் அறைகிறது, அதை இந்த அறையின் முதுகு வாங்கிக்கொள்கிறது. மேலே, கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள் வைத்திருக்கிறேன், வலை போட்டு. முழுவதும் மூடிவிடாதீர்கள். ஈரமும் எச்சத்தின் வாடையும் தேங்கினால் பூஞ்சை நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது கடினம்.

வடக்குப் பக்கம் முழுத் தகடு, தெற்கு வலை. கிழக்கில்தான் நான் வெகு நாள் யோசித்தேன். மே மாதப் பிற்பகலில் கடற்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும், அதை அடைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிப்பதும் அதே பக்கம். சுவர் வைத்தாலும் தவறு, திறந்து விட்டாலும் தவறு. எனவே சுருட்டி ஏற்றும் கனத்த தார்ப்பாய். இந்தக் குழாயைச் சுற்றினால் ஏறும், விட்டால் இறங்கும். வெல்டர் பாய் ஒரே மதியத்தில் செய்து கொடுத்தார், அருமையான கை.

இப்போது வலை. இதை விரிவாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பணம் முழுவதும் இங்கேதான் போனது.

ஜி.ஐ. இரும்பு வலை சதுர அடி 22 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். கிளி இனத்துப் பறவை நாள் முழுக்க வலையைக் கடித்துக்கொண்டேதான் இருக்கும், துத்தநாகம் உள்ளே போனால் விஷம். வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தளர்ந்த துகள்கள் போகும், பூச்சு போகாது. போதாததற்கு நம் பக்கம் உப்புக் காற்று. இங்கே ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று இராயபுரம், காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனவே எஸ்.எஸ். 304 என்ற எவர்சில்வர் ரகம்தான் என்று முடிவு செய்து செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் அரை அங்குல வெல்ட் மெஷ், "304தான் அம்மா", சதுர அடி 68 ரூபாய் என்றார்கள். மலிவாக இருக்கிறதே என்று சந்தேகம். காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. காந்தம் எதையும் நிரூபிக்காது! எவர்சில்வரில் மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, 304 ரகமும் ஒட்டாது. சொல்லப்போனால் கம்பியாக இழுத்த 304 சில நேரம் லேசாக ஒட்டும். நான் பையிலிருந்து சோதனைத் திரவத்தை எடுத்தேன். சின்ன பாட்டில், கூடவே ஒரு பேட்டரி. கம்பியில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைச் சொட்டிலும் வைக்க வேண்டும். சில நொடிகளில் சொட்டு சிவந்தது. சிவந்தால் 202. நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், உப்புக் காற்றில் துரு பிடிக்கும். கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை மூடிவிட்டு வெளியே வந்தேன். அப்போது எனக்கு இருந்த நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. 250 சதுர அடி வாங்கி மாட்டிய பிறகு அது தெரிந்திருந்தால்?

இரண்டு கடை தள்ளி ஒரு பெரியவரின் கடையில் சொட்டு சிவக்கவில்லை, 82 ரூபாய் சொன்னார். "அண்ணாச்சி, மொத்தமாக எடுக்கிறேன்" என்று பேசி 77க்கு முடித்தேன். 250 சதுர அடிக்கு 19,250 ரூபாய். ஜி.ஐ. என்றால் 5,500தான். வித்தியாசத்தைக் கேட்டு வீட்டில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பரவாயில்லை. அந்தச் சோதனைத் திரவத்தை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் வாங்கும்போதுகூட உதவும். 316 ரகம் கடலுக்கு இன்னும் நல்லது, அதில் மாலிப்டினம் இருக்கிறது, ஆனால் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. 304இல் பழுப்புக் கறை படியும், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

சொல்ல மறந்துவிட்டேன், தூண்களுக்காக மாடித் தளத்தைத் துளையிடவில்லை. துளையிட்டால் மழைக்கு ஒழுகும். கான்கிரீட் கட்டைகளின் மேல் தூண்களை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் போல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறோம்.

உள்ளே வாருங்கள். முதல் கதவு, அதை மூடிவிட்டு இரண்டாவது கதவு. இந்த மூன்றடி இடைவெளி இல்லாமல் பெரிய கூண்டு கட்டாதீர்கள், ஒரு நொடியில் காக்டீல் உங்கள் தலைக்கு மேல் பறந்து துறைமுகத்துக்குப் போய்விடும்.

உட்காரும் கிளைகள் எல்லாம் கொய்யாவும் வேம்பும். தடிமனாக ஒன்று, மெலிசாக ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன். கடையில் விற்கும் வழவழப்பான ஒரே அளவுக் குச்சியை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பாதத்தில் ஒரே இடத்தில் எடை விழுந்து புண்ணாகும். அரளிக் கிளையை மட்டும் தொடாதீர்கள், விஷம். நடுவில் எதையும் வைக்கவில்லை, பறக்க வழி வேண்டும். கிளைகள் இரண்டு கோடியிலும்தான். தீனிக் கிண்ணத்துக்கு நேர் மேலே கிளை கட்டினால் எச்சம் தினையில் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலைக்கு வெளியே இன்னொரு மெல்லிய வலை தெரிகிறதா? கொசுவலை. பறவைக்கும் அம்மை வரும், அதைக் கொசு பரப்பும். இரண்டு வலைக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் காகமும் பூனையும் உள்ளே இருக்கும் பறவையின் விரலைப் பிடிக்க முடியாது. இரவில் வலையில் தொங்கித் தூங்கும் பட்ஜிகளுக்கு இது மிக முக்கியம்.

பச்சைக்கிளி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியையும் முனியாக் குருவியையும் கூண்டில் வைப்பது குற்றம். யாராவது சந்தையில் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், வாங்குவதால்தான் பிடிக்கிறார்கள்.

கணவாய் மீனின் ஓடு பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன் பாருங்கள். கடையில் ஒன்றுக்கு 40 ரூபாய் வாங்குகிறார்கள், எனக்கு இதில் கோபமே வரும். காசிமேட்டில் கணவாய் சுத்தம் செய்யும் அக்காக்களிடம் கேட்டால் ஒரு பையே தருவார்கள். உப்பு போகும் வரை தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி வலையில் கட்டுங்கள். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து அதிலிருந்துதான். கூட்டுப் பானை இன்னும் வைக்கவில்லை. புது இடம் பழகட்டும், பொங்கலுக்குப் பிறகு வைக்கிறேன், அந்த வீடியோவில் பானையின் அளவும் துளையின் அளவும் சொல்கிறேன்.