தீராத சண்டையும் நீண்ட தாம்பத்யமும்

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கல்யாணம் ஆகி பத்து வருஷம், இருபது வருஷம் தாண்டினவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க எல்லார் வீட்லயும் ஒரு சண்டை இருக்கும், மொத வருஷத்துலயே ஆரம்பிச்சிருக்கும், இன்னைக்கு வரைக்கும் முடிஞ்சிருக்காது, போன மாசம் வந்திருக்கும், அடுத்த மாசமும் வரும், அதுல யார் எந்த இடத்துல என்ன டயலாக் பேசுவாங்கன்னு பிள்ளைங்களுக்கே மனப்பாடம். நான் குடும்ப கவுன்சலிங்ல இருக்கறவன், இந்த மாதிரி சண்டையை தூக்கிட்டு வர்றவங்களத்தான் தினமும் பார்க்கறேன். வந்து உக்காந்து கொஞ்ச நேரத்துல கேப்பாங்க, "இத்தனை வருஷமா இது தீரலயே சார், அப்போ எங்களுக்குள்ள அன்பே இல்லன்னுதானே அர்த்தம்?" இன்னைக்கு நான் பேச வந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான். அப்படி அர்த்தம் இல்லவே இல்லைங்க.

ஜான் காட்மேன்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இருந்தவர். அவரும் ராபர்ட் லெவன்சனும் சேர்ந்து தம்பதிகளை உக்கார வச்சு, "உங்களுக்குள்ள எதுல ஒத்துப்போகலயோ அதைப் பத்தி பேசுங்க"ன்னு சொல்லி, அதை வீடியோ எடுத்து, பேசும்போதே நாடித்துடிப்பு, வேர்வை எல்லாம் அளந்து, அப்புறம் அதே ஆளுங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்தாங்க. நாலு வருஷம் கழிச்சு திரும்ப கூப்பிட்டு உக்கார வச்சா பெரும்பாலான ஜோடிங்க பழைய விஷயத்தையேதான் பேசறாங்க, டிரெஸ்ஸும் ஹேர் ஸ்டைலும் மாறியிருக்கு, சண்டை மாறல. காட்மேன் கணக்குப்படி தம்பதிகளுக்குள்ள வர்ற கருத்து வேறுபாட்டுல கிட்டத்தட்ட 69 சதவீதம் தீராத வகை. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா சந்தோஷமா இருக்கற ஜோடிங்களுக்கும் இதே கதைதான், அவங்களுக்கும் தீரல, ஆனா அந்த தீராததை வச்சுக்கிட்டே அவங்களுக்கு சிரிக்க தெரியுது.

ஏன் தீராதுன்னா, அந்த சண்டை மேல தெரியற விஷயத்தைப் பத்தினதே கிடையாது. எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பதி, அவங்க அனுமதியோடதான் சொல்றேன். எங்க கிளம்பினாலும் சண்டை. அவர் அரை மணி முன்னாடியே ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு கையில சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே இருப்பார், கலகலன்னு அந்த சத்தம் கேக்க கேக்க அவங்களுக்கு உள்ள பத்திக்கும், அவங்க உள்ள போய் கேஸ் மூடியிருக்கான்னு பார்ப்பாங்க, பின்கதவை இழுத்துப் பார்ப்பாங்க, வெளிய வந்து செருப்பு மாட்டினப்புறம் திரும்ப ஒரு தடவ உள்ள போவாங்க. அவர் கத்துவார், "உனக்கு என் நேரத்து மேல மதிப்பே இல்ல". அவங்க சொல்வாங்க, "எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு நீங்க சாவி ஆட்டுவீங்க". இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல இப்படியேதான் ஓடியிருக்கு.

ஒரு நாள் நான் அவர்கிட்ட மட்டும் கேட்டேன், லேட்டா போனா என்ன சார் ஆகும்? கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார், சின்ன வயசுல அவங்க அப்பா எங்க போனாலும் லேட், ஸ்கூல்ல தினம் தினம் எல்லார் முன்னாடியும் இவர்தான் நிப்பார், அந்த அவமானம் இன்னும் உடம்புல இருக்குன்னு. பக்கத்துல இருந்த மனைவிக்கு அது புதுசு. அவங்க திரும்பி அவரை பார்த்த பார்வையை என்னால மறக்க முடியாது. அடுத்து அவங்க சொன்னாங்க, குழந்தையா இருந்தப்போ ஒரு தடவ எல்லாரும் வெளிய போயிருந்த நேரத்துல வீட்ல தீப்பிடிச்சுருச்சு, அதுலேர்ந்து கதவை சாத்தினதும் நெஞ்சு அடிச்சுக்கும்னு. தீப்பிடிச்சது அவருக்கு தெரியும், ஆனா இந்த ரெண்டாவது தடவ உள்ள போறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவருக்கு தோணினதே இல்ல. இத்தனை வருஷம் ஒரே படுக்கையில தூங்கினவங்க.

சண்டை நின்னுடுச்சான்னு கேக்கறீங்களா, நிக்கல. இன்னும் அவர் சீக்கிரம் கிளம்பறார், இன்னும் அவங்க திரும்ப உள்ள போறாங்க. ஆனா இப்போ அவர் சாவியை பாக்கெட்டுல போட்டுக்கறார். அவங்க "ரெண்டே நிமிஷம், அடுப்பை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்"னு வாய்விட்டு சொல்லிட்டு போறாங்க. மாறினது அவ்வளவுதான், ஆனா அந்த வீட்டோட காத்தே மாறிடுச்சு. அதனாலதான் என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் சொல்றது, யார் சரின்னு கண்டுபிடிக்கறதை கொஞ்ச நாள் தள்ளி வைங்க, இந்த விஷயம் உனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னு ஒரு தடவ நிஜமாவே தெரிஞ்சுக்கற ஆசையோட கேளுங்க, கேட்டுட்டு நடுவுல பேசாதீங்க.

சரி, தீராத சண்டை எல்லார்கிட்டயும் இருக்குன்னா பிரியறவங்க ஏன் பிரியறாங்க? சண்டை போடற விதத்துல இருக்கு. காட்மேனோட ஆராய்ச்சியில பிரிவுக்கு ரொம்ப பலமான அறிகுறியா வந்தது கோவம் இல்லைங்க, இளக்காரம். கண்ணை உருட்டறது, உதட்டை சுழிக்கறது, அடுத்தவர் பேசற மாதிரியே பேசி காட்டறது, "உனக்கெல்லாம் சொன்னா புரியவா போகுது"ங்கற அந்த தொனி. கோவத்துல "நீ செஞ்சது தப்பு"ன்னு இருக்கு, இளக்காரத்துல "நீயே ஒரு ஆளா"ன்னு இருக்கு, மொதல்ல சொன்னதுக்கு பதில் சொல்லலாம், ரெண்டாவதுக்கு மனுஷன் என்ன பதில் சொல்லுவான், சுருண்டு போயிடுவான். நாலு பேர் முன்னாடி துணையை மட்டம் தட்டி சிரிக்க வைக்கற பழக்கம் இருக்கறவங்க தயவுசெஞ்சு இன்னையோட விட்டுடுங்க, கெஞ்சி கேக்கறேன், அது ஜோக் இல்ல.

இன்னொன்னு, பேச்சை எப்படி ஆரம்பிக்கறீங்கங்கறது. புதுசா கல்யாணம் ஆன 124 ஜோடிகளை வச்சு 1999ல வந்த ஒரு ஆய்வு, கால் மணி நேர வாக்குவாதத்துல மொத மூணு நிமிஷத்தை வச்சே பின்னாடி யார் பிரிவாங்கங்கறதுக்கு அறிகுறி கண்டுபிடிச்சாங்க. "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். "நேத்து நைட் நான் மட்டும் தனியா கிச்சன்ல நின்னப்போ எனக்கு கஷ்டமா இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சு பாருங்க. அதே குறைதான், ஆனா எதிர்ல இருக்கறவர் கேடயத்தை தூக்க வேண்டிய அவசியம் இல்ல.

அதுக்கும் மேல உடம்புன்னு ஒன்னு இருக்கு. சண்டையில நாடி நிமிஷத்துக்கு நூறை தாண்டிட்டா அடுத்தவர் சொல்றது காதுல விழும், மண்டையில ஏறாது. காட்மேனோட லேப்ல ஒரு காரியம் செஞ்சாங்க, சண்டை சூடு பிடிச்ச நேரத்துல போய், மெஷினை கொஞ்சம் சரி பண்ணணும், அதுவரைக்கும் உங்க விஷயத்தை பேசாதீங்க, மேகஸின் படிச்சுட்டு இருங்கன்னு சொல்லிட்டாங்க. அரை மணி கழிச்சு திரும்ப பேச சொன்னா நாடித்துடிப்பும் இறங்கியிருக்கு, பேச்சும் தன்மையா வருது. அதனால கொந்தளிக்குதுன்னா நிறுத்துங்க, குறைஞ்சது இருபது நிமிஷம். ஆனா நிறுத்தறதுக்கும் மூஞ்சியை தூக்கி வச்சுக்கிட்டு நாள் கணக்குல பேசாம இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, "இப்போ என்னால முடியல, அரை மணில வர்றேன்"னு சொல்லிட்டு போகணும், சொன்ன மாதிரி வரவும் வேணும். வராம தூங்கிட்டா அடுத்த தடவ யாரும் உங்களை போக விட மாட்டாங்க.

வீட்டு வேலையைப் பத்தி பேசாம இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. 1979ல மைக்கேல் ராஸ், ஃபியோரி சிக்கோலின்னு ரெண்டு பேர் கணவன்கிட்டயும் மனைவிகிட்டயும் தனித்தனியா, இந்த இந்த வேலையில உங்க பங்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. ரெண்டு பேர் சொன்னதையும் கூட்டினா முக்கால்வாசி வேலைகள்ல மொத்தத்தை விட அதிகமா வருது. யாரும் பொய் சொல்லல. நான் செஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு, நீ செஞ்சது என் கண்ணுல பாதி விழவே இல்ல, அவ்வளவுதான். நிறைய வீடுகள்ல நிஜமாவே ஒருத்தர் தலையிலதான் அத்தனையும் விழுது, அதை நான் மறுக்கல, அங்க வேலையை பிரிச்சே ஆகணும், பாராட்டு மட்டும் போதாது. ஆனா பிரிச்சப்புறமும் கண்ணுல பட்டதை சொல்லுங்க. "தண்ணி கேன் மாத்திட்ட போல, பார்த்தேன்"னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

இப்போ சொல்லப்போற ஆராய்ச்சி எனக்கு ரொம்ப பிடிச்சது. ஈலை ஃபிங்கெல்னு ஒரு பேராசிரியர், அவரோட குழு 120 தம்பதிகளை ரெண்டு வருஷம் பார்த்து 2013ல வெளியிட்டாங்க. மொத வருஷம் எல்லாருக்கும் திருப்தி மெல்ல மெல்ல குறைஞ்சுட்டு வருது, இது சகஜம்தான். ரெண்டாவது வருஷம் பாதி பேருக்கு மட்டும் நாலு மாசத்துக்கு ஒரு தடவ ஏழு நிமிஷம் எழுதற வேலை குடுத்தாங்க: சமீபத்துல வந்த ஒரு சண்டையை, ரெண்டு பேருக்கும் நல்லது நினைக்கற மூணாவது ஆள் பார்த்தா எப்படி பார்ப்பார்னு எழுதணும். வருஷத்துக்கே மொத்தம் 21 நிமிஷம். எழுதினவங்களுக்கு அந்த சரிவு நின்னுடுச்சு, எழுதாதவங்களுக்கு தொடர்ந்து இறங்குச்சு. எழுதினவங்களும் மத்தவங்க அளவுக்கு சண்டை போட்டுட்டுதான் இருந்தாங்க, அதே அளவு பெரிய விஷயங்களுக்குத்தான், ஆனா அந்த சண்டை அவங்களை அறுக்கறது குறைஞ்சுடுச்சு. நான் மொதல்லேர்ந்து சொல்லிட்டு வர்றது இதைத்தாங்க.

ஒரு இடத்துல மட்டும் நான் சொன்னது எதுவும் செல்லாது. வீட்ல அடி இருந்தா, மிரட்டல் இருந்தா, பேச வாயை திறக்கறதுக்கே பயமா இருந்தா, அது தீராத சண்டை கணக்குல வராது. அங்க போய் பொறுத்துக்கோ, மென்மையா ஆரம்பின்னு சொல்றது பாவம். அங்க தேவை பாதுகாப்பு, வெளி ஆளோட உதவி, சட்டம். இதை யாராவது உங்ககிட்ட "எல்லா வீட்லயும் நடக்கறதுதானே"ன்னு சொன்னா நம்பாதீங்க.

காதல் வருஷம் போக போக வெறும் பழக்கமா ஆயிடும்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். பியான்கா அசெவெடோவும் அவரோட சக ஆராய்ச்சியாளர்களும் சராசரியா 21 வருஷம் திருமணத்துல இருந்து, இன்னமும் துணை மேல தீவிரமா காதல் இருக்குன்னு சொன்ன 17 பேரை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு துணையோட போட்டோவை காட்டினாங்க. புதுசா காதல்ல விழுந்தவங்களுக்கு மூளையில எந்த பகுதி இயங்குமோ அதே பகுதி இவங்களுக்கும் இயங்குச்சு. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் இப்படின்னு இதை வச்சு சொல்ல முடியாது, ஆனா இப்படி இருக்க முடியும்ங்கறதுக்கு இது போதும்.

சீட்டு குடுத்து அனுப்பியிருக்கீங்க, "என் வீட்டுக்காரர் கவுன்சலிங்னா வரவே மாட்டார், நான் மட்டும் மாறி என்ன பிரயோஜனம்?" அம்மா, எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே சுமக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், அது நியாயமும் இல்ல. ஆனா பேச்சோட மொத வாக்கியம் ஒருத்தர் கையில இருக்கற விஷயம். உங்க வீட்டு தீராத சண்டை எதுவோ அதை எடுத்துக்கோங்க, அடுத்த தடவ அது வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பேரும் நல்லா இருக்கற ஒரு நேரமா பார்த்து, "இது ஏன் உங்களை இவ்வளவு பாதிக்குது"ன்னு கேட்டு பாருங்க. மொத தடவ "அதெல்லாம் ஒன்னுமில்ல"ன்னுதான் பதில் வரும், விட்டுடுங்க, இன்னொரு நாள் கேளுங்க. பல தடவ கேட்டும் கதவே திறக்கலன்னா நீங்க மட்டுமாவது வாங்க, தனியா வர்றவங்களுக்கும் எங்ககிட்ட நேரம் உண்டு. மைக்கை அப்படியே பின்வரிசைக்கு குடுங்க, அந்த ஐயா ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்கார்.