வானம் வெளுத்துப் போன படம்: எது மீளும், எது மீளாது

[திரையில்: கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் நெலத்துல) நிக்கற ஒரு காங்கேயம் பூச்சிக்காளை (பொலிகாளை). அதுக்கு மேல வெறும் வெள்ளை.]

வணக்கமுங்க. இந்தப் படத்தை எடுத்த புண்ணியவான் நான்தான். காங்கேயத்துக்குத் தெக்கால, தாராபுரம் போற வழியில ஒரு கொறங்காடு. சித்திரை பொறந்து நாலஞ்சு நாள். மணி 12.20. கிளுவை வேலி தெரியுது, வெள்வேலமரம் தெரியுது, காளையோட திமில்ல அந்தக் கருக்கல் கூட அழகா வந்திருக்குது. வானத்தைத்தான் காணோம். எங்க அப்புச்சி, அதான் அம்மாவோட அப்பா, படத்தைப் பார்த்துட்டுக் கேட்டாரு: "ஏங்கண்ணு, மேல் பாதிக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறே?"

சரி, இந்தச் சுண்ணாம்பு எப்படி வந்துச்சு? கேமராவுக்குக் காளையும் தெரியாது, வானமும் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறமாக்கத்தான் அதோட மீட்டர் பார்க்கும். படத்துக்கு நடுவுல கருப்பா ஒரு காளை நின்னா, "அடடே, இருட்டா இருக்குதே"ன்னு வெளிச்சத்தைக் கூடுதலா உள்ள விட்டுரும். காளை பளிச்சுன்னு வந்துரும். ஏற்கனவே வெளிச்சமா இருந்த வானம் எல்லை தாண்டிப் போயிரும்.

எல்லைன்னா என்ன எல்லை? பொள்ளாச்சிப் பக்கம் தேங்கா களத்துல தொங்குதே முள்ளுத் தராசு, அதை நெனச்சுக்குங்க. 50 கிலோ தராசுல 60 கிலோ மூட்டையை மாட்டினாலும் முள்ளு 50லதான் நிக்கும். 90 கிலோவை மாட்டினாலும் அதே 50தான். அப்புறம் முள்ளை மட்டும் பார்த்து எந்த மூட்டை எவ்வளவுன்னு யாரால சொல்ல முடியும்? கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்கற சென்சார்ல ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஒரு தராசுதானுங்க. கேமரா சுருக்கித் தர்ற ஜேபெக் படத்துல ஒவ்வொரு நிறத்துக்கும் 0ல இருந்து 255 வரைக்கும்தான் முள்ளு நகரும். மேகமும் 255, மேகத்துக்குப் பின்னாடி இருந்த வானமும் 255. ரெண்டுக்கும் வித்தியாசமே பதிவாகலை. பதிவாகாததை எந்த மென்பொருளும் திருப்பிக் கொண்டாராது. கொண்டாந்த மாதிரி காட்டும், அது வேற கதை.

அதனால மொத வேலை ஸ்லைடரை இழுக்கறது இல்லீங்க. செத்துப் போச்சா, மயக்கந்தானான்னு நாடி பார்க்கறது.

[திரையில்: படம் திருத்தும் மென்பொருள் லைட்ரூம். ஆல்ட் கீயை அழுத்தியபடி எக்ஸ்போஷர் ஸ்லைடரைப் பிடிக்கிறோம். திரை கருப்பாகிறது, மேல் பக்கம் மட்டும் வெள்ளை, நீலத் திட்டுகள்.]

இதைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க. வெள்ளையா தெரியற இடத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் எல்லையில முட்டிருச்சு. நீலமா தெரியற இடத்துல நீலம் ஒண்ணு மட்டும்தான் முட்டியிருக்குது, மத்த ரெண்டும் உசுரோட இருக்குது. அங்க மேகத்தோட உருவத்தை மீட்டுரலாம். ஆனா நிறம் கொஞ்சம் பிசகும், நீலவானம் பச்சையோடி வரும். பொழுதுசாயற படத்துல இதே கோளாறு வேற மாதிரி வரும். சூரியனைச் சுத்திச் சிவப்பு மொதல்ல முட்டிரும், பச்சை அப்புறமும் ஏறிட்டே இருக்கும், செக்கச்செவேல்னு இருக்க வேண்டிய இடம் மஞ்சக் குழம்பா நிக்கும். "நான் பார்த்தப்ப இப்படி இல்லையே"ன்னு நெனப்போமே, காரணம் இதுதான்.

இதெல்லாம் ரா ஃபைல்ல, அதாவது சென்சார் பதிஞ்சதைச் சுருக்காம வெச்சிருக்கற ஃபைல்ல, செஞ்சாத்தான் பலன். 14 பிட் ராவுல ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படி இருக்குது. அதை விட முக்கியம், ஜேபெக்கா மாத்தும்போது கேமரா வெட்டிப் போடற வெளிச்சத்துல கொஞ்சம் ராவுல மிச்சம் இருக்கும். கேமராவோட முதுகுத் திரையில வானம் கருப்பும் வெள்ளையுமா மினுக்கறதைப் பார்த்துட்டு, படம் போச்சுன்னு அழிச்சுராதீங்க. நீங்க ராவுல எடுத்தாலும் அந்த மினுக்கலும், வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டற ஹிஸ்டோகிராம் வரைபடமும் உள்ள இருக்கற ஜேபெக் முன்னோட்டத்தை வெச்சுக் கணக்குப் போட்டதுதான்.

என் படத்துல ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிக்கான ஸ்லைடரை) முழுசா கீழ இழுத்தேன், எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைச்சேன் (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதி). வேலமரத்துக்கு வலது பக்கம் ரெண்டு மேகத் துணுக்கு எட்டிப் பார்த்துச்சு. காசு கட்டற மென்பொருள் வேண்டாம்னா டார்க்டேபிள், ரா தெரபி ரெண்டுமே இலவசம், ரெண்டுலயும் ஹைலைட் மீட்கறதுக்குன்னே தனிப் பகுதி இருக்குது. போன்ல எடுக்கறவங்க டிஎன்ஜில (அதுவும் ஒரு ரா ஃபைல்தான்) எடுத்து ஸ்னாப்சீட் ஆப்ல திறக்கலாம்.

மிச்ச வானம்? மூணு நிறமும் போன இடம். இங்கதான் நிறையப் பேரு வழுக்கி விழறாங்க. வானத்தை மட்டும் தனியாப் பிடிக்கற ஸ்கை மாஸ்க் போட்டு, அந்த வெள்ளையை அப்படியே இருட்டாக்கறது. வெள்ளையை இருட்டாக்கினா நீலம் வராதுங்க, சாம்பல்தான் வரும். சுண்ணாம்பு போயி சிமெண்ட் பூசினாப்ல நிக்கும். அதுக்குச் சுண்ணாம்பே தேவலை.

வானத்தையே மாத்திரலாமே? போட்டோஷாப்ல 2020ல இருந்து அதுக்குன்னு ஒரு வசதியே இருக்குது. மாத்தலாம், தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். 1850கள்லயே பிரான்சுல குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து ஒட்டிப் பிரிண்ட் போட்டவரு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகமா துடிக்கும், அதனால வானம் எப்பவும் வெளுத்துத்தான் வரும். நம்ம வியாதி அவ்வளவு பழசு.

ஆனா நான் மாத்தின லட்சணத்தைக் கேளுங்க. இந்தக் காளைக்கு மேல அருமையா ஒரு ஆரஞ்சு வானம் வெச்சேன். அப்புச்சி ஒரே பார்வைதான் பார்த்தாரு. "நெழலு காலுக்கடியில கெடக்குது. பொழுது எப்படிக் கண்ணு மேக்கால சாயும்?"

சித்திரை நடு உச்சியில நம்மூர்ல சூரியன் நேர் தலைக்கு மேல. நெழலே வயித்துக்குக் கீழதான் விழும். அதுக்குப் போயி சாயங்கால வானம்! அன்னைக்கு அந்த ஃபைலை அழிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

[திரையில்: புது லேயர். மேலே வெளிர் நீலம், கீழே வர வரக் கிட்டத்தட்ட வெள்ளை.]

இப்போ செய்யறது இதுதான். வானம் உச்சியில அடர்த்தியா இருக்கும், தரையோரம் வர வர வெளுக்கும். அப்படியே ஒரு வெளிர் நீலச் சாயல், ரொம்ப லேசா. படத்து மேல அதை ஒரு லேயரா (தனி அடுக்கா) வெச்சு, லேயரோட மோடை மல்டிப்ளைக்கு மாத்துங்க. மல்டிப்ளைல சுத்த வெள்ளை மேல எதைப் போட்டாலும் போட்ட நிறமே நிக்கும், கருப்பு மேல எதைப் போட்டாலும் கருப்பாவே இருக்கும். அதனால வேலமரத்துக் குச்சி ஒவ்வொண்ணையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை, நீலம் தானா இடுக்குல நுழைஞ்சுக்கும். வானம் சுத்தமா வெளுத்துப் போனதுல கெடைக்கற ஒரே லாபம் இது. காளையோட உடம்புக்கு மட்டும் மாஸ்க்ல கருப்பைத் தடவி நீலத்தை எடுத்துருங்க, ஓரம் வரைக்கும் போக வேண்டாம்.

கடைசியா கொஞ்சம் நாய்ஸ், அதான் பொடிப் புள்ளி, சேர்க்கோணும். காளை மேல சென்சாரோட பொடி இருக்கும், நாம வரைஞ்ச வானம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கும். அந்த வித்தியாசம்தான் ஒட்டு வேலைன்னு காட்டிக் குடுக்கும்.

மேகம் வேணும்னே இருந்தா, இரவல் வானம் வாங்காதீங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகம் கிழக்க ஓடி வருமே, உடுமலைப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் சுத்திட்டு இருக்கற நேரம், அப்போ வெறும் வானத்தை மட்டும் பத்துப் படம் எடுத்து, மணியும் திசையும் பேர்ல எழுதி வெச்சுக்குங்க. எனக்கு இப்ப நாலு மாசத்து வானம் கைவசம் இருக்குது.

அடுத்த தடவை எடுக்கும்போதே? எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்ற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற வசதி) மைனஸ் 1 வெச்சு எடுங்க, நெழலை அப்புறம் தூக்கிக்கலாம், கொஞ்சம் நாய்ஸ் வரும், பரவால்லை. வெளிச்சத்தை மாத்தி மாத்தி மூணு படம் எடுத்துச் சேர்க்கற எச்டிஆர் பேரூர்க் கோயில் மண்டபத்துக்குச் சரி. காளை தலையை ஆட்டிட்டே இருக்கும், மூணு கொம்பு வந்துரும்.

[திரையில்: முடிந்த படம். கொம்பின் ஓரம் நூறு சதவீதத்தில்.]

கொம்பு நுனியில வெள்ளைக் கோடு இல்லை. வானம் வெளிர்னுதான் இருக்குது, சித்திரை வெயில் வேற எப்படி இருக்கும்? இதைப் பிரிண்ட் போட்டு அப்புச்சி கையில குடுத்தேன். கண்ணாடியை ஏத்திவுட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு.

"காதுக்குள்ள உண்ணி இருக்குது பாரு கண்ணு. சாயங்காலம் எடுத்துவுடோணும்."