பெயர் எழுத வேண்டாம் பிள்ளைகளே

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் நாலு பெரியவர்கள் கூடினால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எந்த நேரமும் போன்தான், விளையாட்டும் இல்லை, காலைச் சாப்பாடும் இல்லை" என்று ஆளுக்கொன்று சொல்வோம், ஆனால் அந்தப் பிள்ளைகளிடமே யாராவது கேட்டோமா என்றால் பெரும்பாலும் இல்லை. இடைநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்களின் சாப்பாடு, தூக்கம், பழக்கவழக்கம், மனநிலை பற்றி வினாக்கொத்து கொடுத்துக் கேட்கும் ஆய்வைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள்தானே என்பீர்கள். நல்ல வேலை அது, தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறது, யாராவது அடிக்கிறார்களா, ரியூசன் வாசலில் யாராவது சிகரெட் நீட்டினார்களா என்பதைத் தராசு சொல்லாது. அதற்குக் கேட்கத்தான் வேண்டும்.

உலகம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஐரோப்பாவில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் 1983 தொடங்கி இப்படி ஆய்வு நடக்கிறது, இப்போது நாலு வருடத்துக்கு ஒருமுறை. உலக சுகாதார நிறுவனம் 2003இல் மற்ற நாடுகளுக்கும் ஒரு பொதுவான ஆய்வைத் தொடங்கியது, இலங்கையில் அது 2008இலும் 2016இலும் நடந்தது. முறை எளிது. முதலில் பாடசாலைகளைத் தெரிவு செய்வார்கள், பிறகு அதற்குள் வகுப்புகளைக் குலுக்கலில் எடுப்பார்கள், அந்த வகுப்பில் இருக்கும் எல்லாருக்கும் தாள். கெட்டிக்காரர், குழப்படிகாரர் என்று யாரும் பொறுக்க முடியாது. பெயர், சுட்டெண் ஒன்றும் எழுதத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் முழு ஆய்வும் நிற்பது இந்தப் பெயர் எழுதாத விஷயத்தில்தான். வகுப்பாசிரியர் வாங்குகளுக்கு இடையில் நடந்துகொண்டிருந்தால் எந்தப் பையன் "ஓம், குடித்துப் பார்த்தேன்" என்று புள்ளடி போடுவான்? ஆசிரியர் வெளியே போக வேண்டும், தாளைப் பிள்ளையே மடித்துப் பெட்டியில் போட வேண்டும். வெருகல் பக்கம் ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள் என்று வையுங்கள், அங்கே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கேட்டாலே ஆளைப் பிடித்துவிடலாம், அதனால் சின்னப் பாடசாலைகளின் தாள்களைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்புறம், எப்போது கேட்கிறோம் என்பது. இந்தக் கேள்விகள் பல கடந்த 7 நாள், கடந்த 30 நாள் என்று வரும். நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் போய் காலைச் சாப்பாடு பற்றிக் கேட்டால் என்ன விடை வரும்? வாடைக்குக் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத காலத்தில், வீட்டில் சாப்பாடு போதாமல் பசியோடு இருந்தாயா என்று கேட்டால் மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை சொல்வது ஒன்று, ஆனி மாதத்தில் சொல்வது வேறு. இரண்டுமே உண்மைதான், எந்த மாதத்தில் கேட்டோம் என்பதை மறைத்துவிட்டு ஒற்றை எண்ணாகச் சொல்லும்போதுதான் பொய்யாகிறது.

உடற்பயிற்சிக் கேள்வியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தம்பலகாமத்தில் தினமும் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளை "நான் விளையாட்டு ஒன்றும் செய்வதில்லை" என்று எழுதிவிடும், உதாரணம் சொல்லிக் கேட்டால்தான் அந்த மிதியும் கணக்கில் வரும்.

இன்னொன்று, அன்றைக்கு வகுப்புக்கு வராத பிள்ளையிடம் தாள் போகாது. படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்கோ கடைக்கோ போனவனிடம் போகவே போகாது. நாங்கள் அதிகம் பயப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான். ஆய்வு சொல்வதைவிட நிலைமை கொஞ்சம் மோசமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே அறிக்கையைப் படியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால், அதில் மனக்கவலை, உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய கேள்விகளும் இருக்கும், "கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமே" என்று சிலர் கையெழுத்து வைக்க மாட்டார்கள். அந்தப் பயம் விளங்குகிறது, ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மையான சிக்கல் வேறு: பெயரில்லாத தாளில் ஒரு பிள்ளை "ஓம்" என்று போட்டால் அது யார் என்று எங்களுக்கே தெரியாது, தேடிப்போய் உதவ முடியாது. ஆகவே ஆய்வு நடத்த வருகிறவர்களிடம் அதிபர்மார் முதலில் கேட்க வேண்டியது, தாளோடு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு துண்டு கொடுக்கிறீர்களா என்பதை. அதில் ஆலோசனை ஆசிரியரை எப்போது தனியாகச் சந்திக்கலாம் என்ற விபரம், மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929, இவ்வளவும் இருந்தால் போதும். எல்லாப் பிள்ளைக்கும் அதே துண்டு, கேட்டவருக்கு மட்டும் என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.