ஓடாத வைப்பரும் ஐப்பசி மழையும்
(கும்பகோணத்தில் பொறியியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

இந்தப் பக்கத்தில் விமானக் கோளாறு என்றாலே 2024 அக்டோபர் 11-தான் நினைவுக்கு வரும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது. அது வானத்தில் வந்த கோளாறு. இன்றைய பேச்சு, கிளம்புவதற்கு முன்னால் தரையிலேயே தெரிந்துவிடுகிற சின்னப் பழுதுகளைப் பற்றியது.

பழுதோடு விமானம் கிளம்பலாமா? கிளம்பலாம், தினமும் கிளம்புகிறது. எந்தப் பழுதோடு, என்ன நிபந்தனையில் என்று சொல்வதுதான் எம்.இ.எல். என்கிற குறைந்தபட்சக் கருவிப் பட்டியல். விமான ரகத்துக்கென்று ஒரு மூலப் பட்டியல் உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் விமானங்களுக்கு ஒன்று தயாரித்து, நம் நாட்டில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் ஒப்புதல் வாங்கும். மூலத்தைவிடக் கறாராக இருக்கலாம், தளர்வாக இருக்கக் கூடாது. இறக்கையும் சுக்கானும் அதில் இருக்காது. பறக்கும் பாதுகாப்புக்கு வேண்டிய ஒன்று பட்டியலில் இல்லை என்றால் அது கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்று பொருள். காபி மெஷின் கதை வேறு.

விமானி பழுதைப் பார்த்ததும் விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் எழுதுகிறார். இங்கேதான் பாதி வேலை கெடுகிறது. பம்ப்செட் மெக்கானிக்கிடம் "மோட்டார் ஓடல" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஸ்டார்ட்டர் அஞ்சு நிமிஷத்துல டிரிப் ஆகுது, ஒரு பேஸ் வரல என்றால் சரியான பொருளை எடுத்துக்கொண்டு வருவார். "ரேடார் சரியில்லை" என்பது மோட்டார் ஓடல ரகம். எந்த மோடில், எந்த ரேஞ்சில், திரையில் என்ன செய்தி வந்தது, ரீசெட் செய்தபின் திரும்ப வந்ததா என்று எழுத வேண்டும். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். கண்டதை எழுதினால் போதும்.

பொறியாளர் சோதிப்பார். முடிந்தால் சரிசெய்வார். முடியாவிட்டால் எம்.இ.எல். எண்ணைக் குறித்துப் பழுதைத் தள்ளிவைப்பார். பட்டியலின் அந்த வரியில் எம் என்ற எழுத்து இருந்தால் பராமரிப்பு வேலை உண்டு: சர்க்யூட் பிரேக்கரை இழுத்துக் கிளிப் மாட்டுவது, இறங்கியபின் வேகத்தைக் குறைக்க உதவும் ரிவர்சரைப் பூட்டுவது போல. ஓ இருந்தால் விமானி செய்ய வேண்டியது. சுவிட்ச் பக்கத்தில் "இன்ஆப்", அதாவது வேலை செய்யவில்லை என்ற ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்திட்ட பிறகுதான் கேப்டன் லாக்கை ஏற்கிறார். சரிசெய்து முடிக்கக் கெடுவும் உண்டு. அதற்காகப் பட்டியலில் பழுதுகளை ஏ, பி, சி, டி என்று வகை பிரித்திருப்பார்கள். பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. ஏ வகைக்கு அந்தந்த வரியிலேயே எழுதியிருக்கும். எழுதிய நாள் கணக்கில் சேராது. நவம்பர் 10-ஆம் தேதி எழுதிய பி வகைப் பழுதுக்கு 13-ஆம் தேதி நள்ளிரவு வரை கெடு.

இனி மழைக்கு வருவோம். விமானி முன்னுள்ள கண்ணாடியின் வைப்பர் ஓடவில்லை என்றால், கிளம்பும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் மழை எதிர்பார்க்கப்படக் கூடாது என்பதுதான் வழக்கமான நிபந்தனை. வானிலை ரேடார் இல்லையென்றால் வழியில் இடிமேகம் முன்னறிவிப்பில் இருக்கக் கூடாது. மாசியில் திருச்சியிலிருந்து சென்னைக்கு இது பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசி அடைமழையில் அதே புத்தகம், அதே வரி, ஆனால் விமானம் நகராது. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அதோடு நிறுத்திவிடுகிறவர் பாதிதான் படித்திருக்கிறார்.

இரண்டு பழுதுகள் சேர்ந்தால் கவனம் இன்னும் வேண்டும். வாலில் இருக்கும் சிறு எஞ்சின் ஏ.பி.யு. மின்சாரமும், பெரிய எஞ்சின்களைக் கிளப்பும் அழுத்தக் காற்றும் தரும். அது ஓடாவிட்டாலும் கிளம்பலாம். தரையிலுள்ள காற்று வண்டியை வைத்து ஒரு எஞ்சினை ஓட்டி, அதன் காற்றால் அடுத்ததைக் கிளப்புவார்கள். அப்போது ஓடுகிற எஞ்சினின் வேகத்தைக் கூட்ட வேண்டியிருப்பதால் பின்னால் ஆளும் வண்டியும் இருக்கக் கூடாது. போகிற ஊரில் அந்த வண்டி உண்டா என்று இங்கேயே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் விமானம் அங்கேயே நின்றுவிடும். போயிங் 737, ஏர்பஸ் 320 போன்றவற்றில் எஞ்சின் ஜெனரேட்டர் ஒன்று கெட்டால், ஏ.பி.யு. ஜெனரேட்டர் ஈடுகொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனித்தனியாக இரண்டு பழுதுக்கும் அனுமதி உண்டு. ஒன்றாக வந்தால் இல்லை. ஆகவே புதிய பழுதைப் பார்க்கும்போது ஏற்கெனவே தள்ளிவைத்தவற்றின் தாளையும் விரித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

விமானம் தன் எஞ்சின் விசையில் நகர ஆரம்பித்ததும் எம்.இ.எல். அதிகாரம் பொதுவாக முடிகிறது. அதன்பின் அவசரச் செக்லிஸ்ட்டும் கேப்டனின் தீர்ப்பும்தான். டாக்ஸி என்கிற, ஓடுபாதை நோக்கித் தரையில் ஊர்ந்து போகும் நேரத்தில் வைப்பர் நின்றால், விமானத்தை நிறுத்திச் செக்லிஸ்ட்டை முடித்துவிட்டு, எம்.இ.எல்.லையும் ஒரு பார்வை பார்க்கிறார்கள். வெளியே தூறல் இருந்தால் திரும்பி வந்து நிற்பார்கள். டெக் லாக் மறுபடி திறக்கும்: "டாக்ஸியில் இடப்பக்க வைப்பர் பாதியில் நின்றது. சுவிட்ச் லோ, ஹை இரண்டிலும் அசைவில்லை."