இஸ்ஸாவின் 'இருந்தாலும்'

நேயர்களுக்கு வணக்கம். சோற்றுத் தட்டருகே ஈ வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்? செய்தித்தாளைச் சுருட்டுவோம். சுருட்டிய கையோடு ஒரு நொடி அந்த ஈயைப் பாருங்கள். "அடிக்காதே, கையைத் தேய்க்கிறது, காலைத் தேய்க்கிறது" என்று ஒருவர் எழுதிவைத்தார். ஜப்பானியக் கவிஞர், கோபயாஷி இஸ்ஸா. அதைப் படித்ததிலிருந்து என்னால் ஈ அடிக்க முடியவில்லை. வீட்டில் திட்டு வாங்குகிறேன், அது வேறு கதை.

இஸ்ஸா பிறந்தது 1763இல், ஷினானோ மலைநாட்டில், பனி கொட்டும் காஷிவபாரா ஊரில். சின்ன வயதிலேயே தாய் போய்விட்டாள். அப்புறம் மாற்றாந்தாய். அவளுக்கும் இவனுக்கும் ஒத்துவரவில்லை. பையனை எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, பிழைக்க அனுப்பிவிட்டார்கள். தகப்பன் சொத்துக்காக மாற்றாந்தாயோடும் தம்பியோடும் பல வருடம் மல்லுக்கட்டி, ஐம்பது வயதை ஒட்டித்தான் ஊரில் வந்து குடியேறினார். ஈக்கு இரங்கியவர் பாகப்பிரிவினையில் இறங்கிவரவில்லை. எனக்கு அதுவும் பிடிக்கும்.

அதன்பிறகுதான் கல்யாணம். முதல் பிள்ளை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அடுத்து சாத்தோ என்ற பெண் குழந்தை. நடக்கப் பழகும் வயதில், 1819இல், பெரியம்மை கொண்டுபோயிற்று. அப்போது எழுதியது இது. மெதுவாகச் சொல்கிறேன்.

பனித்துளி உலகம்,
பனித்துளி உலகம்தான் என்றாலும்,
இருந்தாலும்...

அவ்வளவுதான். இஸ்ஸா பௌத்தர். எல்லாம் பனித்துளிபோல் மறையும் என்று கேட்டே வளர்ந்தவர். நாமும் துக்க வீட்டில் அதைத்தானே சொல்கிறோம்? "எதுவும் நிலையில்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்." அவர்களும் தலையாட்டுவார்கள். கொஞ்சம் கழித்து, "இருந்தாலும்..." என்று ஒரு சொல் வரும். மேலே பேச்சு வராது. நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த இடத்தில்தான் இஸ்ஸா நிறுத்துகிறார். அதை முடித்துக்கொடுக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன், நேயர்களே. எது சேர்த்தாலும் கெட்டுப்போகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். சரி, அவருடைய தவளைக் கவிதையும் நத்தைக் கவிதையும் இன்னொரு நாளைக்கு. எழுதியது சுமார் 20,000 கவிதை, எதைச் சொல்லி எதை விட? 1827இல் ஊரில் தீப்பிடித்து அவர் வீடு எரிந்தது. தப்பிய மண்சுவர்க் களஞ்சியத்துக்குக் குடிபோனார், அந்தக் குளிர்காலத்திலேயே அங்கே இறந்தார். அந்தக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. தீக்குப் பிறகும் ஒரு கவிதை உண்டு: எரிந்த மண் கதகதவென்று இருக்கிறதாம், தெள்ளுப்பூச்சிகள் துள்ளுகின்றனவாம். வணக்கம்.